செய்து பார்த்தவர் சொல்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான்கு பேர் ஒரு நாவலைப் படித்துவிட்டுக் கூடினால் பேச்சு நடுநிசி வரை போகும். பாத்திரம் உயிரோடு இருக்கிறதா, முடிவு ஒட்டுகிறதா, நடையில் யாருடைய சாயல் அடிக்கிறது என்று ஆளுக்கொரு கட்சி கட்டுவார்கள். அதே நான்கு பேரிடம் ஒரு சமையல் புத்தகத்தையோ, வீட்டு மின்சார வேலைக்கான கையேட்டையோ, கணினி நிரல் கற்றுத் தரும் நூலையோ, நகைச்சுவைக் கட்டுரைத் தொகுப்பையோ கொடுத்துக் கருத்துக் கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் இருக்கு", "பரவாயில்லை", "காசுக்குப் பிடிச்ச கேடு" என்ற மூன்றில் ஒன்றோடு காரியம் முடிந்துவிடும். இத்தனைக்கும் புத்தகக் காட்சியில் ஆட்கள் முண்டியடிக்கிற கடைகளில் கணிசமானவை இந்தச் சரக்கை விற்பவைதான். இலக்கிய விமரிசகர் அந்தப் பக்கம் போவதில்லை. போனாலும் கையில் எடுப்பதில்லை. இன்று உங்கள்முன் நான் வைக்க விரும்பும் வாதம் ஒன்றே ஒன்று. பயன்படுத்துவதற்கென்று எழுதப்பட்ட நூலைப் பற்றி வாசகர் சொல்வதை ரசனைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் நாம் செய்கிற தவறு. அது சாட்சியம். சாட்சியை எப்படி விசாரிப்போமோ, அப்படித்தான் அதை வாங்கவும் வேண்டும், எடைபோடவும் வேண்டும். என்ன செய்தீர்கள், எதைக் கொண்டு செய்தீர்கள், என்ன நடந்தது? இந்த மூன்றும் இல்லாத கருத்து, ஐந்து நட்சத்திரம் கொடுத்தாலும் வெறும் சத்தம்தான். நகைச்சுவை நூலையும் இந்தக் கூண்டில் ஏற்ற முடியுமா என்று கேட்பீர்கள். முடியும் என்றே நினைக்கிறேன். அதைப் பிறகு பார்க்கலாம்.

இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான பார்வை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பொதுப்பாயிரம், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும், ஆகும் பத்து அழகுகளையும், 32 உத்திகளையும் அடுக்குகிறது. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்து ஒப்பித்ததோடு மறந்துவிட்டோம். கவனித்துப் பார்த்தால் இந்தக் குற்றப் பட்டியல் காவியத்துக்கோ தனிப்பாடலுக்கோ போட்டதாகத் தெரியவில்லை. இலக்கணம் போல, ஒரு துறையைக் கற்பிக்கிற சாத்திர நூலுக்குப் போட்ட பட்டியல் அது. குன்றக் கூறல் என்றால் வேண்டிய அளவுக்குக் குறைவாகச் சொல்வது. உப்பு எவ்வளவு என்று சொல்லாமல் "தேவையான அளவு" என்று தப்பித்துக்கொள்கிற சமையல் குறிப்புக்கு இதைவிடப் பொருத்தமான குற்றச்சாட்டு கிடைக்காது. மற்றொன்று விரித்தல் என்பதற்கு உதாரணம் வேண்டுமானால், எக்செல் கற்றுத் தருகிறேன் என்று தொடங்கி அபாகஸ், பாபேஜ் என்று முதல் 40 பக்கத்தை ஓட்டுகிற கணினி நூலைச் சொல்லலாம். அதே நூல் கடைசி அத்தியாயங்களில் மூச்சு வாங்கி, படங்கள் மட்டும் மிஞ்சி, அரைப் பக்கத்தில் ஓய்ந்துபோகுமானால் அதற்கும் பவணந்தியாரிடம் பெயர் இருக்கிறது: சென்று தேய்ந்து இறுதல். பயன்நூல் விமரிசனத்துக்கான சொற்கள் நம்மிடம் 800 ஆண்டுகளாக இருக்கின்றன. அவற்றைக் கவிதை நூல் மதிப்புரைகளில் எடுத்து வீசுகிறோம். வேண்டிய இடத்தில் கைவிட்டுவிட்டோம்.

சாட்சியம் என்று சொன்னதுமே எழுகிற முதல் மறுப்பு, அனுபவம் ஆளுக்கு ஆள் மாறும் என்பது. ஒருத்தருக்கு வந்த இட்லி இன்னொருத்தருக்கு வராது. அதற்குப் புத்தகத்தை எப்படிக் குறை சொல்வது? நியாயமான கேள்வி. எஸ். மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" 1951இல் வெளிவந்தது. கல்யாணமாகி வெளியூர் போகிற பெண்ணின் பெட்டியில் வைத்து அனுப்பும் அளவுக்குப் பெயர் பெற்ற நூல். ஆழாக்கு, பலம் என்ற அளவுகள் புழங்கிய காலம் அது. நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டமே 1956இல்தான் வந்தது. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம் என்று தெரியாதவர் அந்தக் காலத்துக் குறிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அளவையாவது மாற்றிவிடலாம். எழுதப்படாமலே நிற்கிற நிபந்தனைகளை என்ன செய்வது? கல்லுரலில் அரைத்த மாவு, சென்னையின் வெக்கை, பத்துப் பேர் சாப்பிடுகிற வீடு, பக்கத்தில் நின்று பார்க்கிற மாமியார். இவையெல்லாம் அக்காலத்துக் குறிப்பு எதிலும் அச்சாகாத வரிகள். "மாவை இரவு முழுக்க வைக்கவும்" என்பது சித்திரை மாதத்துச் சென்னையில் சரி. தை மாதத்து ஊட்டியில் விடிந்து பார்த்தால் வைத்த மாவு வைத்தபடியே இருக்கும். லண்டனில் இருப்பவர் அடுப்புக்குள் விளக்கைப் போட்டு உள்ளே பாத்திரத்தை வைக்கிறார். ஆகவே "மாவு பொங்கவில்லை, புத்தகம் சரியில்லை" என்று ஒரு வாசகர் எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. "ஊட்டியில், ஜனவரியில், மிக்ஸியில் அரைத்து, பத்து மணி நேரம் வைத்தேன், பொங்கவில்லை" என்று எழுதினால் அந்தக் கருத்து நூலின் எல்லைக்கோட்டையே வரைந்து காட்டிவிடுகிறது. ஆளுக்கு ஆள் மாறுவது சாட்சியத்தின் பலவீனம் என்றார்கள். எதைப் பொறுத்து மாறுகிறது என்று சொல்லப்பட்டால் அதுவே பலமாகிறது. ஒரு வாசகரும் இன்னொரு வாசகரும் முரண்படுகிற இடத்தில்தான் ஆசிரியர் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒளிந்திருக்கிறது.

விற்பனையே வாசகர் கருத்துதானே, பிறகு எதற்கு விசாரணை என்று கேட்பவர்களும் உண்டு. பதிப்பகத்தார் விரும்பிச் சொல்கிற வாதம் இது. இங்கிலாந்தில் நடந்ததைப் பார்க்கலாம். எலிசா ஆக்டன் என்பவர் 1845இல் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். ஒவ்வொரு பண்டத்தையும் தன் வீட்டு அடுப்பில் செய்து பார்த்த பிறகே எழுதியவர் அவர். குறிப்பின் கடைசியில் சாமான்களையும் அளவையும் நேரத்தையும் தனியே தொகுத்துக் கொடுக்கும் முறையும் அவர் கொண்டுவந்ததுதான். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1861இல், இசபெல்லா பீட்டன் என்ற இருபத்தைந்து வயதுப் பெண் வீட்டு நிர்வாகத்துக்கென்று ஒரு பெரும் நூலைக் கொண்டுவந்தார். அதிலுள்ள குறிப்புகளில் பெரும்பகுதி பழைய நூல்களிலிருந்து எடுத்தவையும், தன் கணவர் நடத்திய பத்திரிகைக்கு வாசகிகள் அனுப்பியவையுமே. ஆக்டனிடமிருந்தும் தாராளமாக எடுத்துக்கொண்டார். மக்கரோனியை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேகவைக்கச் சொல்கிற நூல் அது. வேகவைத்துப் பார்த்தவர் யாரும் அதைப் பண்டம் என்று சொல்ல மாட்டார், கூழ் என்பார். ஆனால் முதல் ஆண்டிலேயே 60,000 படிகள் விற்றது பீட்டனின் நூல்தான். ஆக்டனின் பெயர் மெல்ல மங்கிப்போனது. விற்பனை சொல்வது வாங்கினவர் எண்ணிக்கையை. செய்தவர் எண்ணிக்கையை அது சொல்வதில்லை. பயன்நூல்கள் பரிசாகக் கொடுக்கப்படுகின்றன, அலமாரிக்கு அழகாகின்றன, "என்றைக்காவது செய்யலாம்" என்ற நல்லெண்ணத்தில் வாங்கப்படுகின்றன. பீட்டனுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: சாமான் பட்டியலைக் குறிப்பின் தலைப்பகுதிக்கு நகர்த்தியது அவர் நூல்தான், அது பயன்படுத்துகிறவருக்குப் பெரிய உதவி. அதையும் செய்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

சமையலில் பிழை என்றால் ஒரு வேளைச் சாப்பாடு போகும். தொழில்நுட்ப நூலில் பிழை என்றால் கப்பல் போகும். மடக்கை அட்டவணைகளும் வானியல் அட்டவணைகளும் 19ஆம் நூற்றாண்டின் மாலுமிக்கும் பொறியாளருக்கும் அன்றாடக் கருவிகள். அவற்றை மனிதர் கணக்கிட்டார்கள், மனிதர் பிரதி எடுத்தார்கள், மனிதர் அச்சுக் கோத்தார்கள். மூன்று இடத்திலும் பிழை புகுந்தது. பிழைப் பட்டியல் வெளியானது. பட்டியலிலும் பிழை இருந்ததால் திருத்தத்துக்கு ஒரு திருத்தமும், அதற்கும் ஒரு திருத்தமும் வெளியான கூத்து நடந்திருக்கிறது. டயனீசியஸ் லார்ட்னர் என்பவர் 1834இல் எழுதிய நீண்ட கட்டுரையில் இதையெல்லாம் விஸ்தாரமாகப் பதிவு செய்தார். நகைச்சுவை நூல் எதற்கும் இளைத்ததல்ல அந்தப் பகுதி. ஆனால் இதில் நாம் கவனிக்க வேண்டிய ஆள் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞர். 1821இல் அவரும் அவர் நண்பர் ஜான் ஹெர்ஷலும் வானியல் சங்கத்துக்காகத் தயாரான அட்டவணைகளை உட்கார்ந்து ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். பிழைக்கு மேல் பிழை. சலித்துப்போன பாபேஜ், இந்தக் கணக்கையெல்லாம் நீராவியே போட்டுத் தொலைத்தால் என்ன என்ற பொருளில் ஏதோ சொன்னார். அந்தச் சலிப்பிலிருந்து பிறந்ததுதான் அவருடைய வேறுபாட்டுப் பொறி என்ற கணக்கிடும் இயந்திரம். கணக்கிடுவதோடு நிற்காமல் அச்சுத் தகட்டையும் தானே வார்த்துவிட வேண்டும் என்று அதை அவர் திட்டமிட்டார், அச்சுக் கோப்பவர் கையே படக் கூடாது என்பதற்காக. பிரிட்டிஷ் அரசு 17,000 பவுண்டு வரை செலவழித்துவிட்டு 1842இல் கைவிட்டது. அவருடைய இரண்டாம் வடிவமைப்பை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் செய்து காட்டியபோது அது சரியாகவே கணக்குப் போட்டது. கணினி வரலாற்றின் முதல் அத்தியாயம் என்று நாம் படிப்பது, உண்மையில் தொழில்நுட்ப நூல் ஒன்றின் மேல் இரண்டு வாசகர்கள் சொன்ன குறை. அவர்கள் "அட்டவணை சுமார்" என்று சொல்லி எழுந்து போயிருந்தால் அந்த அத்தியாயம் வேறு எங்கோ தொடங்கியிருக்கும்.

வாசகரின் சாட்சியத்தை மதித்து வாங்கினால் நூல் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்து உதாரணம் டொனால்ட் நூத். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கணினி நிரலாக்கக் கலை பற்றிய அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1968இல் வந்தது. இன்னும் முடியவில்லை, நான்காம் தொகுதியின் இரண்டாம் பகுதி 2022இல்தான் வெளியானது. அவர் வைத்த விதி எளிது. நூலில் பிழை ஒன்றை முதலில் கண்டு சொல்கிறவருக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலை. ஏன் அந்தச் சில்லறைக் கணக்கு? 256 என்பதைப் பதினாறடிமான எண் முறையில் எழுதினால் 100 வரும். ஆகவே அது பதினாறடிமானத்தில் ஒரு டாலர். பிழை என்று சொல்ல முடியாத, ஆனால் உருப்படியான யோசனைக்கு 32 சென்ட். காசோலை கிடைத்தவர்களில் பலர் வங்கிக்குப் போகவில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். கணக்கு எண்ணைத் திருடுகிற மோசடி பெருகியதால் 2008இல் உண்மைக் காசோலையை நிறுத்திவிட்டு, சான் செரிஃப் வங்கி என்ற இல்லாத வங்கியின் சான்றிதழைக் கொடுக்கத் தொடங்கினார். சான் செரிஃப் என்பது 1977 ஏப்ரல் முதல் தேதி ஒரு லண்டன் நாளிதழ் வாசகரை ஏமாற்ற உண்டாக்கிய கற்பனைத் தீவு. இத்தனை கனமான கணித நூலில் இத்தனை குறும்பு. பொருளடைவில் வட்ட வரையறை என்ற சொல்லைத் தேடினால் வேறொரு பதிவுக்கு அனுப்புகிறார். அங்கே போனால் திரும்ப இங்கேயே அனுப்புகிறார். தான் எழுதிய அச்சுக்கோப்பு நிரலில் கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளின் நாட்குறிப்பை 1989இல் அவரே வெளியிட்டார். இந்தக் காசோலை ஏற்பாட்டில் பணம் ஒரு பொருட்டே இல்லை என்பது வெளிப்படை. வாசகர் எந்தப் பக்கம், எந்த வரி, ஏன் தவறு என்று சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் அதன் உயிர். "உங்கள் நூல் அருமை" என்று எழுதுகிறவருக்கு அங்கே ஒரு சென்ட்டும் கிடையாது.

இனி என் வாதத்துக்கு எதிரான மிகக் கடினமான சான்றுக்கு வருகிறேன். இதைத் தாண்டிவிட்டுப் போவது நாணயமாக இருக்காது. டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் 1946இல் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்றது. அமெரிக்கத் தாய்மார் ஒரு தலைமுறையே அதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை வளர்த்தது. 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளிலிருந்து அது குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று சொன்னது. மல்லாந்து படுத்தால் வாந்தி எடுக்கையில் புரையேறும் என்பது காரணம்; கேட்பதற்குச் சரியாகவும் இருந்தது. வாசகர் சொன்னபடி செய்தார்கள். குப்புறப் படுத்த குழந்தை அயர்ந்து தூங்கும். ஆகவே எந்தத் தாயைக் கேட்டிருந்தாலும் "சொன்னபடி செய்தேன், குழந்தை நன்றாகத் தூங்கியது" என்றே சாட்சி சொல்லியிருப்பாள். செய்தது என்ன, நடந்தது என்ன என்று நான் கேட்கிற விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த ஆலோசனை தவறு. குப்புறப் படுப்பது, தூக்கத்திலேயே குழந்தை காரணம் தெரியாமல் இறந்துபோகிற தொட்டில் மரணத்தின் அபாயத்தைப் பல மடங்கு கூட்டுகிறது என்பது பிறகு நிரூபணமாயிற்று. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் குழந்தையை மல்லாந்து படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் தொடங்கியபின் அந்த மரணங்கள் பாதியளவுக்கோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. கையில் இருந்த தரவுகளை 1970லேயே தொகுத்துப் பார்த்திருந்தால் அபாயம் தெரிந்திருக்கும் என்று 2005இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு வீட்டில் மட்டும் நேர்கிற கேட்டைத் தனி வாசகரின் அனுபவம் காட்டாது. நேர்ந்த வீட்டில் புத்தகத்தைப் பற்றிக் கருத்து எழுதுகிற மனநிலையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்படியானால் வாசகர் கருத்தை ஒதுக்கிவிட்டு வல்லுநரிடம் போக வேண்டியதுதானே? அந்தத் தவற்றைச் சொன்னவரே வல்லுநர் என்பதை மறந்துவிட வேண்டாம். அது எப்படிப் பிடிபட்டது என்பதையும் பார்க்க வேண்டும். குழந்தையை இழந்த பெற்றோரையும், இழக்காத பெற்றோரையும் சந்தித்து, எப்படிப் படுக்க வைத்தீர்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள். என்ன செய்தீர்கள், என்ன நடந்தது என்ற அதே கேள்விகள்தான். வேறுபாடு, ஒருவரை விடாமல் கேட்டதிலும், எண்ணியதிலும், துக்க வீட்டுக்கும் போய்க் கேட்டதிலும் இருக்கிறது. ஆகவே சாட்சியம் பொய்த்துப்போகவில்லை. அரைகுறையாகத் திரட்டிய சாட்சியம் பொய்த்தது. மருந்து, மின்சாரம், குழந்தை வளர்ப்பு போன்ற துறைகளில், தோற்றால் திருத்திக்கொள்ள வாய்ப்பே இல்லாத இடங்களில், "நான் செய்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்ற ஒற்றை வாசகரின் நற்சான்றுக்கு மதிப்பே தரக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே வாசகர் "இந்த மருந்தளவுப் படம் எனக்குப் புரியவில்லை" என்று சொன்னால் அதற்குத் தலைவணங்க வேண்டும். டேவிட் வெர்னரின் "டாக்டர் இல்லாத இடத்தில்" என்ற புகழ்பெற்ற கையேடு அதைத்தான் செய்தது. மேற்கு மெக்சிகோவின் மலைக்கிராம மக்களுக்காக முதலில் ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டு, 1977இல் ஆங்கிலத்துக்கு வந்த நூல் அது. மாத்திரையைப் பாதியாகவும் காலாகவும் உடைப்பதைக்கூடப் படமாக வரைந்து காட்டிய அந்த நூல், விளங்காததையும் தவறானதையும் எழுதி அனுப்பும்படி வாசகரைக் கேட்டுக்கொண்டது. பதிப்புக்குப் பதிப்பு திருத்தவும் பட்டது. மருந்து சரியா என்று தீர்மானிக்க மருத்துவர் வேண்டும். சொன்னது விளங்கிற்றா என்று தீர்மானிக்க வாசகரைத் தவிர வேறு ஆளே கிடையாது.

மருத்துவ நூலைப் பாமரர் படித்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் சிறந்த விமரிசனம் எது என்று கேட்டால், ஜெரோம் கே. ஜெரோமின் "படகில் மூவர்" நாவலின் தொடக்கம் என்பேன். கதைசொல்லி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய் நோய்களைப் பற்றிய ஒரு நூலைப் புரட்டுகிறான். அகர வரிசையில் ஒவ்வொரு நோயாகப் படிக்கப் படிக்க அத்தனையும் தனக்கு இருப்பதாகத் தெரிகிறது, வீட்டுவேலைப் பெண்களுக்கு வருகிற முழங்கால் வீக்கம் ஒன்றைத் தவிர. அது மட்டும் ஏன் இல்லை என்று அவனுக்கு வருத்தம் வேறு. 1889இல் வெளிவந்த அந்த நூல் தேம்ஸ் நதிக்கரை ஊர்களின் வரலாற்றையும் காட்சிகளையும் சொல்லும் வழிகாட்டியாகத்தான் திட்டமிடப்பட்டது. எழுத எழுதச் சிரிப்பு முந்திக்கொண்டது. தொடராக வெளியிட்ட ஆசிரியர் வரலாற்றுப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை வெட்டி எறிந்தார். பயன்நூலாகத் தொடங்கி நகைச்சுவை நூலாக முடிந்த அது, நகைச்சுவை நூலை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்கிறது. அக்கால விமரிசகர்கள் அதைக் கிழித்தெடுத்தார்கள். குமாஸ்தா பேச்சு, தெருப் பேச்சு என்று ஏளனம் செய்தார்கள். வாசகரோ வாங்கித் தள்ளினார்கள். அமெரிக்காவில் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால் திருட்டுப் பதிப்புகள் வேறு. விற்பனை சாட்சியம் ஆகாது என்று சற்றுமுன் சொன்ன வாயால் இப்போது விற்பனையைக் காட்டலாமா? காட்டவில்லை. 130 ஆண்டுகள் கழித்தும் அன்னாசிப்பழ டப்பாவைத் திறக்க மூன்று பேர் படும் பாட்டில் வாசகர் சிரிக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறேன். சிரிப்பு தானாக வருவது. மரியாதைக்காக வாய்விட்டுச் சிரிப்பவர்கூடத் தனியாகப் படிக்கையில் பாவனை செய்ய மாட்டார். பொங்கிய மாவு போல அது கண்ணுக்குத் தெரிகிற விளைவு.

ஆனால் நகைச்சுவைக்கும் எழுதப்படாத நிபந்தனைகள் உண்டு. தேவனின் "துப்பறியும் சாம்பு" 1940களில் ஆனந்த விகடனில் வந்தபோது தமிழ் வாசகர் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றோரின் துப்பறியும் நாவல்களில் ஊறியிருந்தார்கள். மகா புத்திசாலியான துப்பறிவாளன் எப்படி நடப்பான் என்பது அவர்களுக்கு அத்துபடி. அந்த இடத்தில் அசட்டுக் குமாஸ்தா ஒருவர் நுழைந்து, தடுக்கி விழுகிற இடத்தில் எல்லாம் திருடனைப் பிடித்தபோது சிரிப்பு வெடித்தது. அந்தப் பழைய நாவல்களைப் பார்த்தேயிராத இன்றைய வாசகர் "சிரிப்பே வரவில்லை" என்றால், அவர் பொய் சொல்லவில்லை; நூலும் கெட்டுப்போகவில்லை. ஊட்டியில் பொங்காத மாவின் கதைதான். "எந்த இடத்தில் சிரித்தேன், எந்த இடத்தில் இது யாரைக் கேலி செய்கிறது என்றே தெரியவில்லை" என்று அவர் சொல்வாரானால், மறுபதிப்புச் செய்கிறவருக்கு முன்னுரையில் என்ன எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும். கேலி செய்யப்படுகிறவர் சாட்சி சொல்ல வந்தால் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரு சாதியையோ உடல் ஊனத்தையோ வைத்துச் செய்த பழைய வேடிக்கை யாரைச் சிரிக்க வைத்தது, யாரை வைக்கவில்லை என்பதும் சோதனை முடிவில் சேர்த்திதான். "அந்தக் காலத்தில் எல்லோரும் சிரித்தார்கள்" என்பவர் அந்த எல்லோரையும் எண்ணிப் பார்த்தவராக இருப்பது அபூர்வம்.

தேதி போடாத கருத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கணினி நூல்களுக்கு ஆயுள் குறைவு. கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் எழுதிய சிறிய சி மொழி நூல் இன்றும் போற்றப்படுகிறது. முதல் பக்கங்களிலேயே ஒரு சின்ன நிரலை வாசகர் கையால் எழுதி ஓட்டச் செய்துவிட்டுப் பிறகு பேசுகிற நூல் அது. ஆனால் 1988இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பற்றிய பாராட்டை முதல் பதிப்பின் மேல் ஏற்றினால், இடையில் மொழிக்கு வந்த தரப்படுத்தல் தெரியாத மாணவர் பழைய பாணியில் எழுதித் திண்டாடுவார். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று குறிக்காத தொழில்நுட்ப நூல் கருத்தைப் படிக்காமல் விடுவதே மேல்.

விவரமான கருத்தையும் காசு கொடுத்து எழுத வைக்கலாமே என்று சந்தேகப்படுவதும் நியாயமே. பாராட்டைச் சிநேகத்துக்கும் தயவுக்கும் வாங்குவது இன்று வந்த பழக்கமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களைப் பிரித்தால் முதல் பக்கங்கள் முழுக்க வித்துவான்களின் சாற்றுகவிகள். நூலுக்குள் நுழைய ஒரு மைல் நடக்க வேண்டும். அவற்றில் நூலைப் படித்துப் பார்த்ததற்கான அடையாளம் எத்தனையில் இருக்கிறது என்று பார்த்தால் சந்தேகம் தீரும். பொதுவான புகழ்ச்சியைப் படிக்காமலே எழுதலாம். "மூன்றாம் படத்தில் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாறியிருக்கின்றன" என்பதைப் படிக்காமல் எழுத முடியாது. பொய்ச்சாட்சிக்கு விவரம்தான் பகை. அதே பழைய நூல்களின் கடைசியில் பிழைதிருத்தம் என்று ஒரு பட்டியல் இருக்கும்: பக்கம், வரி, பிழை, திருத்தம். என் கண்ணுக்கு முன்பக்கத்து வெண்பாக்களைவிட அந்த நான்கு பத்திப் பட்டியலே நாணயமான விமரிசனமாகப் படுகிறது. சாற்றுகவி இன்று பின்னட்டைக்கு இடம்பெயர்ந்து சுகமாக இருக்கிறது. பிழைதிருத்தம்தான் போன இடம் தெரியவில்லை.

அதைத் திரும்பக் கொண்டுவருவதற்கு வழி இல்லாமல் இல்லை. பயன்நூல் வெளியிடுகிறவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, இது மறுஅச்சா திருத்திய பதிப்பா, திருத்தியது என்றால் எந்தெந்தப் பக்கம் என்று சொல்வது. "பத்தாம் பதிப்பு" என்று மட்டும் போட்டால் பத்து முறை திருத்தியதா, ஒரே பிழையைப் பத்து முறை அச்சடித்ததா என்று எப்படித் தெரியும்? இரண்டாவது, கடைசிப் பக்கத்தில் வாசகருக்கென்று ஒரு படிவம்: பக்கம், செய்தது, நடந்தது, செய்த ஊர், மாதம். நூலகங்களும் தங்கள் பங்குக்குப் பயன்நூல்களின் பின்னட்டை உள்பக்கத்தில் அப்படியொரு தாளை ஒட்டலாம். கண்டதை எழுதிக் கிறுக்குவார்கள் என்று நூலகர் அஞ்சுவார். கிறுக்குகிறவர் இப்போதும் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். தாளை ஒட்டினால் கட்டம் போட்ட இடத்தில் கிறுக்குவார், நடுவில் இரண்டு பேர் "உளுந்து இன்னும் அரைப்பங்கு சேர்த்தால் சரியாக வருகிறது" என்றும் எழுதுவார்கள். பக்கம் கூடினால் விலை கூடும் என்று பதிப்பகத்தார் சொல்வார்கள். பதினாறு பதினாறு பக்கமாகத்தான் பாரம் ஓடுகிறது. கடைசிப் பாரத்தில் இரண்டு பக்கமோ மூன்று பக்கமோ மிஞ்சுவது அவர்களுக்கே தெரியும். அவற்றில் இப்போது அவர்களுடைய மற்ற வெளியீடுகளின் விலைப்பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தைக் கேட்கிறேன்.